நம் தெருவும் மாநகராட்சியின் கணினி வரைபடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வீடு வீடாகச் சென்று கட்டடங்களைக் கணினி வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் குழுக்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். டேப்லெட்டுடன் வாசலில் போய் நின்றால் பலரும் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள். பகுதி சபைக் கூட்டங்களிலும் குடியிருப்போர் நலச் சங்கங்களிலும் பின்னர் பேசப் போனபோது அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதிக்கொண்டு, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. ஜி.ஐ.எஸ்.னு சொல்றீங்களே, அது கூகுள் மேப் மாதிரிதானே?

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் அமைப்பில் படம் பாதிதான். மறுபாதி, அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் வடிவத்துக்கும் பின்னால் இருக்கும் பதிவேடு. தெருவிளக்குக் கம்பம் ஒரு புள்ளி. அதைத் தொட்டால் கம்பத்தின் எண், எந்த பில்லர் பாக்ஸிலிருந்து (தெருவோர மின் பெட்டியிலிருந்து) அதற்கு மின்சாரம் வருகிறது, விளக்கு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பவை தெரிய வேண்டும். மழைநீர் வடிகால் ஒரு கோடு. அதன் அகலம், ஆழம், எந்தப் பக்கம் சரிகிறது என்ற விவரங்கள் அதோடு இருக்க வேண்டும்.

இவை தனித்தனி அடுக்குகளாகச் சேமிக்கப்படுகின்றன. எண்ணெய்த் தாளில் ஒவ்வொன்றாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பதுபோல, வேண்டிய அடுக்குகளை மட்டும் சேர்த்துப் பார்க்கலாம். ‘பள்ளிக்கூடத்திலிருந்து 200 மீட்டருக்குள் விளக்கு எரியாத கம்பங்கள் எவை’ என்று கேள்வியும் கேட்கலாம். 1960களில் கனடாவில் நிலவளங்களைக் கணக்கெடுப்பதற்காக ரோஜர் டாம்லின்சன் உருவாக்கிய அமைப்பிலிருந்து இந்த முறை வளர்ந்தது. நகர நிர்வாகங்கள் பிற்பாடு அதைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டன.

2. இதுக்கு முன்னாடி மாநகராட்சிகிட்ட மேப்பே இல்லையா?

வரைபடத்துக்கு இந்த ஊரில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோண நில அளவைக்கு 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் போட்ட முதல் அடிப்படைக் கோடே பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு, நூறடிச் சங்கிலியால் அளக்கப்பட்டது. சர்வே எண்களும் புலப்படங்களும் (ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் அளந்து வரைந்த படங்கள்) நகர நில அளவைப் பதிவேடும் நெடுங்காலமாகவே இருக்கின்றன.

ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகத்தில், ஒவ்வொரு அளவுகோலில் இருந்தன. ஒன்றின் எண்ணுக்கும் மற்றொன்றின் எண்ணுக்கும் தொடர்பு இல்லை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 42 உள்ளாட்சி அமைப்புகள் அதில் இணைந்தன. அப்போது அது 15 மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டது. இணைந்த ஊர்கள் ஒவ்வொன்றும் தன் தன் வரிப் பேரேட்டையும் கதவு எண் வரிசையையும் கூடவே கொண்டுவந்தன. இவை அனைத்தையும் பிணைக்கும் பொது எண் ஒன்றைக் கொடுப்பதே கணினி வரைபடத்தின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன்.

3. எங்க வீட்டுக்குள்ள யாருமே வரலையே, அப்புறம் எப்படி எங்க வீட்டை வரைஞ்சீங்க?

மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைவார்கள். அந்தப் படம் செயற்கைக்கோளிலிருந்து வரலாம், ட்ரோனிலிருந்தும் வரலாம். 2019 நவம்பரில் இஸ்ரோ அனுப்பிய கார்ட்டோசாட்-3 சுமார் கால் மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும். தாழப் பறக்கும் ட்ரோன் அதைவிட நுணுக்கமாக எடுக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு கூரையின் விளிம்பையும் சுட்டியால் சுற்றி வரைந்து எண் கொடுப்பார்.

மேலிருந்து தெரிவது கூரை மட்டுமே. சன்ஷேடும் பால்கனியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கட்டடம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். வேப்பமரம் கவிந்திருந்தால் பாதி வீடு மறைந்துபோகும். எத்தனை தளம், கீழே கடையா குடித்தனமா என்பதெல்லாம் படத்தில் வராது. அதனால்தான் களப்பணியாளர் வாசலுக்கு வந்து கேட்கிறார்.

வடசென்னையில் ஒரு சந்தில் நாங்கள் கண்டது இது: வாசல் நிலையில் ‘பு.எண் 14, ப.எண் 7’ (புது எண், பழைய எண்) என்று பெயிண்டில் எழுதியிருந்தது, வரி ரசீதில் 7/2 என்று இருந்தது, மின் கட்டண அட்டையில் 14ஏ என்று இருந்தது. மூன்றும் ஒரே வீடு. கூரையின்கீழ் அண்ணன், தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனி வாசல் வைத்திருந்தார்கள். அந்த வீட்டின் வடிவத்தை வரைய அலுவலகத்தில் அரை நிமிடம் ஆகியிருக்கும். அதன் மூன்று எண்களையும் இரு பாகங்களையும் சரியாகச் சேர்க்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

4. ட்ரோன் பறந்து நாங்க மொட்டைமாடியில என்ன செய்யறோம்னு பார்க்குதா?

அளவைக்கான ட்ரோன் நேர்க்கீழாக அடுத்தடுத்துப் படமெடுத்துக்கொண்டே போகும். அந்தப் படங்களைத் தைத்துத்தான் ஒரே பெரிய படம் ஆக்குகிறார்கள். ஆட்களைப் பின்தொடர்வது அதன் வேலையில் இல்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. எந்த நாளில் எந்தத் தெருவின்மேல் பறக்கும் என்று முன்கூட்டியே அறிவிப்பதே மரியாதை. அறிவிக்காவிட்டால் வார்டு அலுவலகத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

5. சுத்தி வளைக்காம சொல்லுங்க, இதனால வீட்டு வரி ஏறுமா?

சிலருக்கு ஏறும். ரசீதில் தரைத்தளம் மட்டும் இருந்து, நேரில் மூன்று தளம் இருந்தால், வரைபடமும் பேரேடும் ஒப்பிடப்படும் நாளில் அந்த வேறுபாடு வெளியே வரும். வீடாகப் பதிவான இடத்தில் கடை நடந்தாலும் அப்படியே. அளவு சரியாகப் பதிவாகியிருப்பவருக்கு வரைபடத்தால் மட்டும் எதுவும் ஏறாது.

2022இல் சென்னையில் வரி உயர்ந்ததற்கு வரைபடம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அரசு செய்த விகித மாற்றம். பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 சதவீதமும் உயர்வு என அளவை வைத்துத்தான் அது பிரிக்கப்பட்டது. விகிதம் இப்படி அளவோடு கட்டப்பட்டிருக்கும்போது, அளவு தவறாக இருப்பவர் தவறான படிக்கட்டில் நிறுத்தப்படுவார். நீட்டிய சன்ஷேடைச் சேர்த்து வரைந்ததால் 1,180 சதுர அடி வீடு, விகிதம் மாறும் இன்னொரு படியான 1,200ஐத் தாண்டினால் அது அநியாயம். ஆகவே களச் சரிபார்ப்புக்கு வருபவரைத் திருப்பி அனுப்பாமல் கூடவே நின்று அளவைப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

6. மேப்ல என் வீடு வந்துடுச்சு, வரியும் கட்டறேன். அப்போ பட்டா கிடைச்ச மாதிரிதானே?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. மாநகராட்சியின் வரைபடம் ‘இங்கே இப்படி ஒரு கட்டடம் நிற்கிறது’ என்று மட்டுமே சொல்கிறது. நிலம் யாருடையது என்பதைச் சொல்பவை வருவாய்த் துறையின் பதிவுகளும் பத்திரமும். புறம்போக்கில் நிற்கும் கட்டடத்துக்கும் வரி வசூலிக்கப்படலாம். அந்த ரசீது உரிமையைத் தராது.

கூரையின் விளிம்பு மனையின் எல்லையும் அல்ல. பக்கத்து வீட்டோடு எல்லைத் தகராறு இருந்தால் கணினிப் படத்தை அச்செடுத்துக்கொண்டு போவதில் பயனில்லை. நில அளவருக்கு மனுக் கொடுத்து, புலப்படத்தை வைத்துக் கல் நட்டுக்கொள்வதே வழி.

7. வரி வசூலைத் தவிர எங்களுக்கு இதனால என்ன பிரயோஜனம்?

நான் அதிகம் பேச விரும்பும் கேள்வி இது. மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணான 1913க்கு ஒரே இரவில் பன்னிரண்டு பேர் விளக்கு எரியவில்லை என்று சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். பட்டியலாகப் பார்த்தால் அவை பன்னிரண்டு புகார்கள். வரைபடத்தில் வைத்தால் பன்னிரண்டும் ஒரே பில்லர் பாக்ஸின் கீழ் வரும் கம்பங்கள் என்று தெரியும். ஏணி வண்டி பன்னிரண்டு இடத்துக்குப் போக வேண்டியதில்லை, ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும்.

குடிநீரில் நாற்றம் என்ற புகார் இன்னும் முக்கியமானது. ஒரு வீட்டில் நாற்றம் என்றால் அந்த வீட்டின் சம்ப்பைக் கழுவச் சொல்வார்கள். நான்கைந்து வீடுகள் ஒரே குழாயின் வழியில், ஒரே பக்கமாக அமைந்திருப்பதை வரைபடம் காட்டினால், அந்தக் குழாயும் பாதாளச் சாக்கடையும் எங்கே ஒன்றையொன்று கடக்கின்றன என்று பார்த்து அந்த இடத்தில் தோண்டலாம். 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்நோ இறப்புகளை வீடு வீடாகக் குறித்துப் பார்த்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். அவர் சுட்டிக்காட்டிய அடிபம்பின் கைப்பிடியைச் செப்டம்பர் 8 அன்று கழற்றினார்கள்.

கொசு ஒழிப்பும் அப்படியே. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டெபன்சி கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடுகிறது. நோயாளியின் வீட்டைச் சுற்றி எந்தெந்த வீட்டில் கிணறு இருக்கிறது என்ற அடுக்கு இருந்தால் பணியாளர் நேரே அங்கே போகலாம். குப்பை வண்டியின் பாதை, பொதுக் கழிப்பறை இல்லாத சந்தைகள் என்று இன்னும் பல உண்டு. முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

8. மேப் போட்டுட்டா மழைத் தண்ணி நிக்காதா?

தண்ணீரை வடிப்பது சரிவும் வடிகாலும். சென்னை சராசரியாகக் கடல் மட்டத்திலிருந்து ஏழு மீட்டர் உயரம்கூட இல்லாத தட்டையான ஊர். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் என நான்கு வடிநிலங்கள், குறுக்கே பக்கிங்காம் கால்வாய். இப்படிப்பட்ட ஊரில் அரை அடி உயர வித்தியாசம் ஒரு தெருவைக் காப்பாற்றும், அடுத்த தெருவை மூழ்கடிக்கும். அந்த அரை அடி கண்ணுக்குத் தெரியாது. உயர வரைபடத்தில் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தன்னார்வலர்கள், எவரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் மூழ்கிய சாலைகளைக் குறித்தார்கள். அதன் பிறகு தேசிய கடலோர ஆய்வு மையம் ஐ.ஐ.டி.க்களையும் அண்ணா பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொண்டு சென்னைக்கென வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது. மழை அளவு, ஆற்று நீர், கடல் மட்டம் ஆகியவற்றைக் கணக்கிட்டு எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று சொல்வது அதன் நோக்கம். அதைக் கொண்டு மோட்டார்களையும் படகுகளையும் முன்கூட்டியே அனுப்பலாம், சுரங்கப்பாதையை நேரத்தோடு மூடலாம்.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. சதுப்பு நிலம் இருந்த இடம் எது என்பது அப்போது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை. தண்ணீர் போக வேண்டிய இடத்தை வரைபடம் காட்டும். அங்கே கட்டட அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்பது மனிதர் எடுக்கும் முடிவு, அதில் வரைபடத்தின் மேல் பழி போட நான் சம்மதிக்க மாட்டேன்.

9. மேப் இருக்குன்னா ஒரே ரோட்டை ஏன் மூணு தடவை தோண்டறாங்க?

தெருவின் மேற்பரப்பும் மழைநீர் வடிகாலும் பெரும்பாலும் மாநகராட்சியுடையவை, குடிநீரும் கழிவுநீரும் 1978இல் அமைக்கப்பட்ட குடிநீர் வாரியத்தினுடையவை, கேபிள் மின்வாரியத்தினுடையது, இணையக் கம்பி தனியார் நிறுவனங்களுடையது. நால்வரின் திட்டமும் ஒரே வரைபடத்தில் தேதியோடு குறிக்கப்பட்டால், தார் போடுவதற்கு முன்பே குழாய் வேலை முடிய வேண்டும் என்று கேட்க முடியும். வெவ்வேறு வரைபடங்களில் இருந்தால் நீங்கள் பார்ப்பதுதான் நடக்கும்.

இன்னொரு காரணம், பூமிக்கு அடியில் இருப்பவை எங்கே இருக்கின்றன என்பதே உறுதியாகத் தெரியாமல் இருப்பது. ஒரு தெருவில் பழைய தாள் வரைபடத்தின்படி ஆறு மேன்ஹோல் இருக்க வேண்டும். கண்ணில் பட்டவை நான்கு. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவர் காலால் ஓரிடத்தைத் தட்டி, “இங்கதான் தம்பி, மூணு வாட்டி தார் போட்டாங்க, மூடி உள்ள போயிடுச்சு” என்றார். கடப்பாறையால் கொத்தியதில் ஒரு சாணுக்குக் கீழே இரும்பு மூடி ‘டங்’ என்றது. அந்தப் புள்ளியை அன்று நாங்கள் டேப்லெட்டில் ஏற்றினோம். ட்ரோனும் செயற்கைக்கோளும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

10. என் போன் காட்டற இடமும் உங்க மேப்பும் பத்தடி தள்ளி இருக்கு. எது சரி?

திறந்தவெளியில் நல்ல கைபேசி சுமார் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இன்னும் தள்ளும். எனவே பத்தடி என்பது உங்கள் போனின் இயல்பான பிழைக்குள் வருகிறது. அளவைக் குழுவிடம் இருக்கும் திருத்தக் கருவிகள் சென்டிமீட்டர் கணக்கில் சொல்பவை.

வித்தியாசம் நூறு மீட்டருக்கு மேல் இருந்தால் காரணம் வேறு. நம் பழைய நில அளவை வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற பூமி வடிவக் கணக்கின்மேல் அமைந்தவை; ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு கணக்கை. மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் தெருவே நகர்ந்துவிடும். தமிழ்நாட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: 78 பாகை தீர்க்கக்கோடு மாநிலத்தின் நடுவே போவதால் யூ.டி.எம். என்ற உலக வரைபடக் கட்டமைப்பில் கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்திலும் சென்னையும் மதுரையும் 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான்.

11. எங்க குடிசைப் பகுதியை வரைஞ்சுட்டுப் போறீங்க. நாளைக்கு இதை வெச்சே எங்களைக் காலி பண்ண மாட்டாங்களா?

இந்தக் கேள்விக்கு ‘பயப்படாதீர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் ஏராளம். (இரண்டாம் பதிலில் சொன்ன லாம்டனின் கோடு முடிந்த அதே பெரும்பாக்கம்.) ஆற்றங்கரையை அளக்கும் வரைபடம் அகற்றுவதற்கும் பயன்படும்.

அதே நேரத்தில், வரையப்படாத பகுதிக்குக் குழாயும் வராது, கழிப்பறையும் வராது. தீ விபத்து நடந்தால் தீயணைப்பு வண்டிக்கு வழியும் தெரியாது. மறுகுடியமர்வு வந்தால் யார் எத்தனை ஆண்டாக இருந்தார்கள் என்பதற்கும் அந்தக் கணக்கெடுப்பே ஆதாரம். பட்டியலில் விடுபட்ட குடும்பம் மாற்று வீடும் இல்லாமல் நிற்கும். ஆகவே எண் போடும் நாளில் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு கூரையின்கீழ் இரண்டு குடும்பம் என்றால் இரண்டாகவே பதியச் சொல்லுங்கள், எதற்காகக் கணக்கெடுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

12. எங்க வீட்டைத் தப்பா வரைஞ்சிருந்தா என்ன செய்யணும்?

வடிவம், பரப்பளவு, பயன்பாடு, எண் ஆகிய நான்கில் எது தவறு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ‘எல்லாமே தப்பு’ என்று எழுதிய மனு மேசையிலேயே கிடக்கும். ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடம், கடைசி வரி ரசீது, அளந்து எழுதிய கைவரைபடம் ஆகியவற்றோடு மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நேரில் அளக்க வருமாறு கேளுங்கள். மூன்றாம் பதிலில் சொன்னதுபோல எண் குழப்பம் என்றால், வரிவிதிப்பு எண், மின் இணைப்பு எண், குடிநீர் வாரிய நுகர்வோர் எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு தாளிலேயே வேலை முடிந்துவிடும்.

13. இவ்வளவு விவரத்தையும் யார் வேணும்னாலும் பார்க்கலாமா?

பார்க்கக் கூடாதவை உண்டு: உரிமையாளரின் பெயர், கைபேசி எண், வரி நிலுவை, நோயாளியின் வீடு. 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளையும் சில விலக்குகளோடு உள்ளடக்கியது.

வடிகால், தெருவிளக்கு, பொதுக் கழிப்பறை, பூங்கா, வார்டு எல்லை ஆகியவை வேறு. அவை மக்கள் பணத்தில் உருவானவை, எவருடைய அந்தரங்கமும் அவற்றில் இல்லை; அவற்றைத் திறந்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் வரைபடத் தரவு உருவாக்க முன்னனுமதி வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டன. பழைய தயக்கம் மட்டும் பல அலுவலகங்களில் இன்னும் மிச்சமிருக்கிறது.

14. அஞ்சு வருஷம் முன்னாடி வரைஞ்சதாமே, இன்னிக்கு அதை நம்பலாமா?

தெருவைப் பொறுத்தது. பழைய அக்ரகாரத் தெருவில் ஐந்து ஆண்டில் இரண்டு வீடு மாறியிருக்கும். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பகுதிகளில் தெருவே புதிதாக முளைத்திருக்கும். எனவே ஒரு வரைபடத்தைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது கடைசியாகத் திருத்திய தேதியை.

பெரிய செலவில் ஒருமுறை வரைந்து முடித்ததும் குழு கலைந்துவிடுகிறது. இங்கேதான் கோளாறு தொடங்குகிறது. கட்டட அனுமதி கொடுக்கும்போதே வடிவம் ஏற வேண்டும், வடிகால் கட்டி முடித்து ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன் உள்ளபடி அளந்த கோடு ஏற வேண்டும், மேன்ஹோல் மூடியை உயர்த்திய அன்றே அதன் புது மட்டம் ஏற வேண்டும். பில் பாஸ் ஆவதையும் வரைபடம் திருத்தப்படுவதையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டால் தனிக் கணக்கெடுப்பே தேவைப்படாது.

15. எங்க தெருவுக்கு இன்னும் யாரும் வரலை. நாங்களே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருள் இலவசம்; கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார். எரியாத கம்பம், மூடி உடைந்த மேன்ஹோல், தண்ணீர் தேங்கும் இடம் ஆகிய மூன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படமும் தேதியும் இருக்கட்டும். பகுதி சபையில் அதை அச்சிட்டு மேசைமேல் விரித்தால் உதவிப் பொறியாளர் குனிந்து பார்ப்பார். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தண்ணீர் மட்டத்தைக் குறிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ‘முழங்கால் அளவு’ என்றோ ‘ரோட்டிலிருந்து இரண்டடி’ என்றோ எழுதாதீர்கள். அடுத்த முறை தார் போட்டதும் ரோடு உயர்ந்துவிடும், வாசற்படியையும் நாம் உயர்த்திவிடுவோம். தெருவில் பல ஆண்டுகளாக அசையாமல் இருக்கும் ஒன்றை, கோயிலின் கருங்கல் அடித்தளமோ பாலத்தின் கைப்பிடிச் சுவரோ, தேர்ந்தெடுத்து, தண்ணீர் தொட்ட இடத்தில் கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்திலேயே தேதியையும் பெயிண்டில் எழுதிவையுங்கள்.